போனில் போகும் காசும் பசுமைக் கடனும்: திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கொழும்பில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் பல வருடம் வேலை செய்தவள் நான். இப்போது வெள்ளவத்தையில் வீட்டோடு இருக்கிறேன். ஆனாலும் கோயில் வாசலில், கல்யாண வீட்டில், மீன் வாங்கப் போன இடத்தில் என்று யாராவது மறித்துப் போனில் போகும் காசு, பசுமைக் கடன் பற்றிக் கேட்காத கிழமை இல்லை. இனி கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

டிஜிட்டல் நிதி, பசுமை நிதி, சமூக நிதி எண்டு மூண்டு பேர் சொல்லுறாங்கள். மூண்டும் ஒண்டுதானா?

வேறு வேறு. டிஜிட்டல் நிதி என்பது காசு போகிற வழி: வங்கி ஆப், ஈசி கேஷ் மாதிரிப் போன் பணப்பை, கடையில் போனால் படம் பிடித்துக் காசு கட்டும் லங்கா கியூஆர், இணையத்தில் எடுக்கும் கடன் எல்லாம் அதில் அடங்கும். பசுமை, சமூகம் என்பவை அந்தக் காசு எதற்காகப் போகிறது என்பதைச் சொல்பவை. சூரிய மின்சாரம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, வெள்ளம் தாங்கும் வடிகால் என்று போனால் பசுமை. சிறுதொழில், வீடு, பள்ளிக்கூடம், மருத்துவம் என்று, அதுவும் இதுவரை வங்கி வாசலை மிதிக்காதவர்களுக்குப் போனால் சமூகம். மட்டக்களப்பு ரயிலில் மருந்தும் ஏற்றலாம், சாராயமும் ஏற்றலாம், தண்டவாளத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிறகு ஏன் மூன்றையும் சேர்த்தே பேசுகிறார்கள்? ஐம்பதாயிரம் ரூபாய்க் கடனுக்கும் ஐம்பது இலட்சம் கடனுக்கும் வங்கிக்குள் கிட்டத்தட்ட ஒரே கத்தைக் காகிதம், ஒரே அளவு வேலை, அதனால் சின்னக் கடன் என்றால் முகம் சுளிப்பார்கள். போன் வழியாக வந்தால் அந்தச் செலவு விழுந்துவிடும். அடுத்தது சாட்சி. பசுமைக்குக் கொடுத்தேன் என்று சொல்பவர் கொடுத்ததைக் காட்ட வேண்டும், மீற்றரும் கணக்குப் பதிவும் இருந்தால்தான் காட்டலாம். ஐ.நா. செயலாளர் நாயகம் 2018இல் இதற்கென்றே ஒரு பணிக்குழு அமைத்தார். 2020இல் வந்த அதன் அறிக்கை சொன்னது, நிதிச் சந்தையில் ஓடுவது கடைசியில் மக்களின் காசு, அது எங்கே போகிறது என்பதை மக்கள் அறியவும் தீர்மானிக்கவும் டிஜிட்டல் உதவ வேண்டும் என்று. நான் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான். இன்றைக்குக் கடன் வாங்குபவரைப் பற்றிய தகவல் நொடியில் வங்கிக்குப் போய்விடுகிறது, வங்கியின் காசு எங்கே போகிறது என்ற தகவல் அவர் கைக்கு வருவதே இல்லை.

கடையில கியூஆர் போட்டுட்டேன், தாள் காசு குறைஞ்சு போச்சு. நானும் பசுமைதானே அக்கா?

கொட்டாஞ்சேனையில் இடியப்பம் அவித்து விற்கும் தம்பி கேட்டது. தாள் குறைவதால் மிச்சமாவது சொற்பம், அதை வைத்துப் பசுமை என்று சொல்ல நான் வரமாட்டேன்.

ஆனால் அவர் கடையில் வேறொன்று நடக்கிறது. அந்தக் கியூஆர் அட்டை இடியப்பத் தட்டு அடுக்குக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, ஆவி பட்டுப் பட்டு ஓரமெல்லாம் மஞ்சளாகிச் சுருண்டுவிட்டது. காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணி வரை சட்டைப்பைக்குள் போன் ஓயாமல் அடிக்கிறது. 180 ரூபாய், 240, பிறகு 100. இரண்டு வருடத்து விற்பனை இப்படி ஒவ்வொன்றாகப் பதிவாகி இருக்கிறது. "வருமான அத்தாட்சி எங்கே" என்று வங்கியில் கேட்டால் முன்பு கையை விரித்தவர் இப்போது ஓர் அறிக்கை எடுத்து நீட்டலாம். அதைக் காட்டிக் கடன் எடுத்து, விறகடுப்பை விட்டுக் குறைந்த எரிவாயுவில் அவிக்கும் பெட்டி ஒன்று வாங்கினாரென்றால், டிஜிட்டல், பசுமை, சமூகம் மூன்றும் அந்தச் சின்னக் கடைக்குள் சந்தித்துவிடும்.

எது பசுமை எண்டு யார் முடிவெடுக்கிறது? வங்கிக்காரர் சொன்னாச் சரியா?

சரியாகாது. இலங்கை மத்திய வங்கி 2019இல் நிலைபேறான நிதிக்கு ஒரு வழிவரைபடம் வெளியிட்டது. 2022 மே மாதம் பசுமை நிதி வகைப்பாடு வந்தது. எந்தத் தொழில், எந்த அளவுகோலைத் தாண்டினால் பசுமை என்று சொல்லலாம் என்ற பட்டியல் அது. நாடு வங்குரோத்து நிலையில், பெற்றோல் வரிசை நீண்டுகொண்டிருந்த அதே மாதம் வந்ததால் பலர் கவனிக்கவில்லை, ஆனால் நல்ல வேலை. இப்போது "பசுமைக் கடன்" என்று விளம்பரம் செய்யும் எவரிடமும் வகைப்பாட்டில் எந்தப் பிரிவு என்று கேட்கலாம்.

சமூகம் என்ற பக்கத்துக்கு இவ்வளவு இறுக்கமான பட்டியல் இல்லை. பிணைமுறிகளுக்கு (அது என்னவென்று அடுத்த பதிலில் சொல்கிறேன்) சர்வதேச அளவில் பின்பற்றும் விதிகள் இருக்கின்றன: பசுமைக்கு 2014இலிருந்து, சமூகத்துக்கு 2017இலிருந்து. இரண்டும் தாமாக ஏற்றுக்கொள்ளும் விதிகள்தான். அதனால்தான் சமூகம் என்ற சொல்லை வைத்து அதிகம் விளையாடுகிறார்கள், ஆறாவது கேள்வியில் அதற்கு வருகிறேன்.

பசுமைப் பிணைமுறி எண்டா என்ன? எங்களை மாதிரிக் கொஞ்சக் காசு வச்சிருக்கிற ஆக்கள் அதில சேரலாமா?

பிணைமுறி என்றால் நிறுவனமோ அரசோ உங்களிடம் கடன் வாங்கி எழுதித் தரும் சீட்டு. பசுமைப் பிணைமுறியில் கூடுதலாக ஒரு வாக்குறுதி இருக்கும், இந்தக் காசு இன்ன பசுமை வேலைக்கு மட்டும் போகும் என்று. ஐரோப்பிய முதலீட்டு வங்கி 2007இலும் உலக வங்கி 2008இலும் தொடங்கி வைத்தன. இங்கே 2024இல் டிஎஃப்சிசி வங்கி 250 கோடி ரூபாய்க்குப் பசுமைப் பிணைமுறி வெளியிட்டது, சூரிய மின் திட்டங்களுக்காக.

ஆனால் நேர்மையாகச் சொன்னால் பிணைமுறி இதுவரை பெரிய கைகளின் விளையாட்டு. ஓய்வூதிய நிதியங்களும் காப்புறுதி நிறுவனங்களும் வாங்கி வைத்துக்கொள்ளும். டிஜிட்டல் இதை உடைக்கலாம் என்பதற்கு கென்யாவின் எம்-அகிபா ஓர் உதாரணம்: 2017இல் அரசாங்கப் பிணைமுறியைப் போன் வழியாகவே விற்றார்கள், ஆகக் குறைந்தது 3,000 ஷில்லிங் இருந்தால் போதும், வங்கிக் கணக்குகூடத் தேவையில்லை. அது பசுமைப் பிணைமுறி இல்லை, ஆனால் வழி அதுதான். ஹொங்கொங் அரசு 2023 பெப்ரவரியில் 80 கோடி ஹொங்கொங் டொலருக்குப் பசுமைப் பிணைமுறியைக் காகிதம் இல்லாமல், கணினிப் பதிவேட்டில் மட்டும் இருக்கும் டிஜிட்டல் டோக்கனாகவே வெளியிட்டது, அதுவோ பெரிய முதலீட்டாளர்களுக்கு மட்டும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மாதம் இரண்டாயிரம் ரூபாய் சீட்டுக் கட்டும் வெள்ளவத்தை அக்கா ஒருவர் அதே காசில் தன் ஊருக்கு வரும் சோலர் திட்டத்தில் பங்கு வைத்திருப்பதற்குத் தொழில்நுட்பத்தில் தடை ஒன்றும் இல்லை. வேண்டியது அனுமதியும் மனசும்.

சோலர் போட லோன் எடுத்தன். பசுமை எண்டு விளங்குது, இதில டிஜிட்டல் எங்க இருக்கு?

உங்கள் சுவரில் தொங்கும் இன்வேட்டருக்குள், சோலர் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. என் பக்கத்து வீட்டு ஐயா 5 கிலோவாட் போட்டிருக்கிறார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆப்பைத் திறந்து, வெயில் நாளென்றால் 20 யூனிட், மழை நாளென்றால் 6 என்று கொப்பியில் எழுதி வைப்பார். அந்த எண்தான் வங்கிக்கும் வேண்டியது. கடன் உண்மையில் சோலருக்குத்தான் போனதா, அது வேலை செய்கிறதா, எத்தனை யூனிட் எண்ணெய் மின்சாரம் மிச்சம் என்று வீட்டுக்கு ஆள் அனுப்பாமல் பார்த்துவிடலாம். இப்படி ஆயிரம் கூரைகளைச் சேர்த்துக் காட்டினால் வெளிநாட்டிலிருந்து மலிவு வட்டியில் காசு கொண்டுவர முடியும்.

2016 செப்டம்பரில் சூரியபல சங்ராமய என்ற அரசின் கூரைச் சோலர் திட்டம் தொடங்கியபோது, கூரையிலிருந்து விற்கும் மின்சாரத்துக்கு முதல் ஏழு வருடத்துக்கு யூனிட் 22 ரூபாய், அதன் பிறகு 15.50 என்று விலை நிச்சயமாக இருந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கி 2017இல் கூரைச் சோலருக்கென்று 5 கோடி டொலர் கடன் வசதி கொடுத்தது. விலை நிச்சயமாக இருந்ததால் வங்கிகளும் துணிந்து கொடுத்தன. பிறகு ஒரு சிக்கல் வந்தது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின் பாவனை குறையும், மிஞ்சும் மின்சாரத்தை மின் வலைப்பின்னல் தாங்காது, கூரைச் சோலரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. ஐயா அன்றைக்கு நல்ல வெயிலில் நின்று சுவிட்சை இறக்கியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தூரத்திலிருந்து கூட்டிக் குறைக்கும் இன்வேட்டர், பற்றரி, ஸ்மார்ட் மீற்றர் எல்லாம் இருந்திருந்தால் அப்படிக் கேட்க வேண்டி வந்திராது. பசுமைக்கு மட்டும் காசு கொடுத்து டிஜிட்டலுக்குக் கொடுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கூரையே சொந்தமில்லாதவர்களுக்கு? கென்யாவில் எம்-கோபா என்ற நிறுவனம் சின்னச் சோலர் பெட்டியைத் தவணைக்குக் கொடுக்கிறது, நாளாந்தம் போனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். கட்டத் தவறினால் பெட்டி தானாகப் பூட்டிக்கொள்ளும். பல இலட்சம் வீடுகளுக்கு வெளிச்சம் போனது இப்படித்தான். ஆனாலும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் விளக்கு ஒரு தவணைக்காக அணைவதை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. சில நாள் தவணை விட்டுக்கொடுக்கிற மாதிரி ஒரு விதியை அந்தப் பூட்டுக்குள்ளேயே எழுதி வைக்கலாம், அதுவும் மென்பொருள்தானே.

"பெண்களைக் கைதூக்கிவிடுறம்" எண்டு போட்டு ஒரு ஆப்பில பத்து நிமிசத்தில லோன் தாறாங்கள். அதுவும் சமூக நிதியா?

வத்தளையில் தையல் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி கேட்டாள், கேட்கும்போதே எடுத்திருந்தாள். 20,000 ரூபாய்க் கடன், கையில் வந்தது 17,000, சேவைக் கட்டணம் என்று 3,000 முன்கூட்டியே வெட்டிவிட்டார்கள். முப்பது நாளில் முழு 20,000 கட்ட வேண்டும். 17,000க்கு ஒரு மாதத்தில் 3,000 என்றால் மாதம் 17.6 சதவீதம், வருடத்துக்கு 200 சதவீதத்துக்கு மேல். இரண்டு நாள் பிந்தியதற்கு அவளுடைய போனில் இருந்த தொடர்பெண்களுக்கெல்லாம், பிள்ளையின் வகுப்பாசிரியை உட்பட, அழைப்புப் போனது. இதற்கு எந்த விளம்பர வாசகம் போட்டாலும் சமூக நிதி ஆகாது.

இந்தக் காயம் புதிதும் இல்லை. போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் வீடு வீடாக வந்து, ஒரே பெண்ணுக்கு நாலைந்து இடத்தில் கடன் கொடுத்து, கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்றதை அங்கே உறவு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த சிறுகடன்களில் ஒரு பகுதியை அரசே பொறுப்பேற்றது. அன்றைக்கும் அந்தக் கடன்களுக்குப் பெயர் பெண்கள் மேம்பாடுதான்.

சமூக நிதியா என்று பார்க்க நான் மூன்று கேள்வி கேட்பேன். கையில் வருவது எவ்வளவு, மொத்தம் கட்டுவது எவ்வளவு? கட்டும் சக்தியைப் பார்த்துத்தான் தந்தார்களா? கட்ட முடியாமல் போனால் என்ன செய்வார்கள் என்று முதலே எழுத்தில் உண்டா? வட்டியைச் சொல்லும் விதத்திலும் கவனம். "நிலையான 20 சதவீதம்" என்று 1 இலட்சம் எடுத்து மாதம் 10,000 வீதம் 12 மாதம் கட்டினால், குறைந்துகொண்டு போகும் மீதியை வைத்துப் பார்க்கையில் உண்மையான வருட வட்டி ஏறக்குறைய 35 சதவீதம். நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கு மத்திய வங்கி 2023இல் ஒழுங்குவிதிகள் கொண்டுவந்திருக்கிறது, அதன் கீழ் வரும் நிறுவனங்களைப் பற்றி 1935க்கு அழைத்து முறையிடலாம்.

என்ட போனைப் பாத்துக் கடன் தாறது நல்லதுதானே? எங்களிட்ட அடகு வைக்க நகையும் இல்லை, காணியும் இல்லை.

நியாயமான பேச்சு. நம்மூர் வங்கி காலம் காலமாக உறுதிக்கும் நகைக்கும்தான் கடன் கொடுத்தது. கடன் தகவல் பணியகம், நாம் கிரிப் என்று சொல்வது, 1990இல் உருவானது. அதில் கடன் எடுத்தவர்களின் வரலாறுதான் இருக்கும், எடுக்காதவருக்கு ஒன்றும் இராது. இடியப்பத் தம்பியின் கியூஆர் பதிவு, நேரத்துக்குக் கட்டிய கரண்ட் பில், பல வருடம் தவறாமல் போட்ட சீட்டு, இதெல்லாம் நாணயத்துக்குச் சாட்சிதான். அதைக் கணக்கில் எடுப்பது சமூக நிதிக்குப் பெரிய வரவு.

ஆனால் விற்பனைப் பதிவைக் கேட்பது வேறு, தொடர்பெண்களையும் படங்களையும் கேட்பது வேறு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மிஞ்சித் தரவு எடுக்கக்கூடாது என்கிறது. ஆப் ஒன்று தொடர்பெண் அனுமதி கேட்டால் அந்த இடத்திலேயே விட்டு வெளியேறுங்கள்.

அம்மாட்ட ஸ்மார்ட்போன் இல்லை. இதெல்லாம் படிச்ச ஆக்களுக்குத்தானே?

ஈசி கேஷ் 2012இல் வந்தபோதே பொத்தான் போனில் ஓடியது, இன்டர்நெட் வேண்டாம். அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவும் 2023இலிருந்து நேரே வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. அம்மாமார் இந்த வழிக்குள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். குறைவது தமிழில் ஒழுங்காக எழுதிய திரை, கேட்டால் பொறுமையாகச் சொல்லும் ஆள். கொழும்பிலேயே தமிழில் மாற்றினால் பாதி ஆங்கிலமாக நிற்கும் ஆப்கள் எத்தனை! ரகசிய எண்ணைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்து வைக்க வேண்டிய நிலை இருக்கும்வரை அந்தக் கணக்கு அம்மாவுடையது என்று சொல்ல முடியாது.

பிட்கொயின் ஊர்பட்ட கரண்டைத் தின்னுதாம். பிறகு டிஜிட்டல் எப்படிப் பசுமையாகும்?

பிட்கொயின் தின்பது உண்மை. அதன் முறையே கணினிகளைப் போட்டி போட்டு ஓட வைப்பதுதான். பிட்கொயின் மாதிரி இன்னொரு டிஜிட்டல் நாணய வலையமைப்பான இதீரியம் 2022 செப்டம்பரில் அந்த முறையைக் கைவிட்டு 99 சதவீதத்துக்கு மேல் மின்சாரத்தைக் குறைத்தது, ஆக அது மாற்றக்கூடிய ஒன்று. நாலாவது பதிலில் சொன்ன ஹொங்கொங் பிணைமுறிக்கும் அப்படிப் போட்டி போட்டு ஓடும் கணினிகளுக்கும் சம்பந்தம் இல்லை. கியூஆருக்கும் இல்லை.

மரம் நடுற கம்பனியாம், வாட்ஸ்அப்பில வந்தது. போட்ட காசு ஆறு மாதத்தில இரட்டிப்பாம். போடட்டா?

போடாதீர்கள். மரம் ஆறு மாதத்தில் காசு தராது. இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் கமிஷன் என்றால் அது பிரமிட், ஆள் சேர்த்து ஓட்டும் மோசடி, வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவில் தடை செய்யப்பட்டது, சேர்ப்பவரும் குற்றவாளி. உரிமம் பெற்ற வங்கியிலும் நிதிக் கம்பனியிலும் உள்ள வைப்புக்குத்தான் ஆளுக்கு 11 இலட்சம் வரை காப்புறுதி உண்டு.

வங்கி பசுமைக்கெண்டு என்ட காசை வாங்கிப் போட்டு வேற எதுக்கும் குடுத்தா எனக்கு எப்பிடித் தெரியும்?

இப்போதைக்குப் பெரும்பாலும் தெரியாது. வங்கியின் பெட்டிக்குள் காசு எல்லாம் கலந்துவிடும். ஏற்கெனவே கொடுக்கவிருந்த சோலர் கடனுக்கு உங்கள் காசைக் காட்டிவிட்டு, அதனால் மிச்சமான காசை நிலக்கரிக்குக் கொடுத்தால் கணக்கில் பிழை தெரியாது. பிணைமுறி வெளியிடுபவர்கள் வருடா வருடம் காசு எங்கே போனது என்று அறிக்கை போடுகிறார்கள், அது நூறு பக்க ஆங்கிலத்தில் இருக்கும்.

முதல் பதிலில் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னது இங்கே வருகிறது. இடியப்பத் தம்பியின் 180 ரூபாயை வங்கி பார்க்க முடியும் என்றால், தம்பி தன் சேமிப்பு எந்தத் துறைக்கு எத்தனை சதவீதம் போனது என்பதை அதே ஆப்பில் பார்க்க முடிய வேண்டும். தரவு வங்கியிடம் இருக்கிறது, காட்டவில்லை, அவ்வளவுதான். கிளைக்குப் போகும்போது கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள், கிழமைக்கு நாலு பேர் கேட்டால் தலைமையகத்துக்கு எழுதுவார்கள். உள்ளே இருந்த காலத்தில் நானே அப்படி எழுதியிருக்கிறேன்.

வெள்ளம் வாற இடமெண்டு கம்ப்யூட்டர் சொன்னா எங்களுக்கு லோனே தரமாட்டாங்களே? இது என்ன பசுமை?

கேட்டவர் கொலன்னாவையில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அக்கா. இந்தப் பக்கத்திலேயே கஷ்டமான கேள்வி. காலநிலை ஆபத்தைப் பார்த்துக் கடன் கொடு என்பது பசுமை நிதியின் பாடம். செய்மதி வரைபடம் இப்போது ஒவ்வொரு ஒழுங்கைக்கும் வெள்ள அளவு சொல்கிறது. 2016 மே மாதமும் 2025 நவம்பர் டித்வா புயலிலும் களனி கங்கை எங்கே ஏறியது என்று வங்கிக்குத் தெரியும். அதை அப்படியே கடன் மறுக்கப் பயன்படுத்தினால் பசுமை என்ற பெயரில் ஏழையைத் தண்டிப்பதாகிவிடும், பள்ளத்தில் குடியிருப்பது யாருக்கும் ஆசையால் இல்லை.

அதே வரைபடத்தை வேறு மாதிரியும் பயன்படுத்தலாம். நெல்லுக்கு மழை அளவை வைத்து, அது எல்லை தாண்டினாலே யாரும் வந்து பார்க்காமல் காசு கொடுக்கும் காப்புறுதி இந்த நாட்டிலேயே நடந்திருக்கிறது. ஆற்று நீர்மட்டத்தை வைத்துக் கடைகளுக்கும் அப்படிச் செய்யலாம், தண்ணீர் ஏறிய அன்றே போனுக்குக் காசு. தரையை உயர்த்தக் கடன் கொடுத்தால் அது வகைப்பாட்டில் காலநிலைக்கு ஈடுகொடுக்கும் வேலை என்ற தலைப்புக்குள் வரும், பசுமைக் கடனாகவே கொடுக்கலாம்.

அக்காவுக்கு அந்தக் கடன் கிடைக்கவில்லை. கிளை முகாமையாளர் நல்ல மனிதர், திரையில் சிவப்பு வந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அக்கா சீட்டுக் காசில் செங்கல் வாங்கி, குளிர்சாதனப் பெட்டியை நாலு வரி கல்லுக்கு மேல் தூக்கி வைத்திருக்கிறார். சுவரில் தண்ணீர் நின்ற பழுப்புக் கோடு ஐந்தாவது வரிக்கு நேராக இருக்கிறது. இன்னும் இரண்டு வரி வைக்க எவ்வளவு முடியும் என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த கிழமை இன்னொரு வங்கிக்கு இருவரும் போகிறோம்.